குடிநீரில் கிருமியும் நஞ்சும்: சோதித்தறியும் முறை

நூல் வாங்கும்போது நம் நெசவாளர் அதைக் கண்ணால் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. சிட்டத்தைப் பிரித்து, முறுக்கைக் கவனித்து, இழையை இழுத்து அறுத்துப் பார்த்து, நிறை போட்ட பின்னரே பெற்றுக்கொள்வர். விதை வாங்கும் உழவரும் அவ்வாறே. ஒரு பிடி விதையை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிய பின்னரே நிலத்தில் இடுவர். ஆனால் நாள்தோறும் நாமும் நம் குழந்தைகளும் பருகும் நீரை மட்டும் கையில் ஏந்திப் பார்த்து, ‘தெளிவாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது’ என்று சொல்லிக் குடித்துவிடுகிறோம். நூலுக்கும் விதைக்கும் உள்ள சோதனை நீருக்கு இல்லாமற் போவது முறையன்று. அச்சோதனை யாது, அதை நம் அங்கத்தினர்கள் எவ்வாறு செய்துகொள்ளலாம் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இருவகைக் கேடுகள்

நீரினால் வரும் கேடு இருவகைப்படும். ஒன்று கிருமியால் வருவது. மற்றொன்று நஞ்சினால் வருவது. இவ்விரண்டும் ஒரே குடத்தில் இருந்தாலும் வெவ்வேறு இயல்பின.

கிருமி உயிருள்ளது. மனித மலமோ விலங்கின் மலமோ நீரில் கலப்பதால் அது வந்து சேர்கிறது. வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி ஆகிய நோய்கள் இவ்வழியே பரவுகின்றன. குடித்த சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் அது தன் வேலையைக் காட்டிவிடும். நன்கு கொதிக்க வைத்தால் இறந்துவிடும்.

நஞ்சு உயிரற்றது, நீரில் கரைந்து நிற்பது. புளோரைடு, ஆர்சனிக் போன்றவை பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இயற்கையாகவே கரைந்து வரலாம். நைட்ரேட், குரோமியம் போன்றவை உரத்திலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் வந்து சேரலாம். இதன் வேலை பெரும்பாலும் மெதுவானது. ஐந்தாண்டு, பத்தாண்டு குடித்த பின்னரே பல்லிலும் எலும்பிலும் தோலிலும் தெரியும். கொதிக்க வைத்தால் இது போவதில்லை. நீர் ஆவியாகிப் பாத்திரத்தில் அளவு குறையக் குறைய, எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே நீரிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ‘உன்னிடம் கிருமி உண்டா?’ என்பது ஒன்று. ‘உன்னிடம் நஞ்சு உண்டா?’ என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடை, இரண்டாம் கேள்விக்கு விடையாகாது. இதை மறந்ததனால் நேர்ந்த பெருந்துன்பம் ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வங்காளம் தரும் பாடம்

கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலோடு கலக்கும் சமவெளியில், குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வந்த மக்களை வாந்திபேதி வாட்டி வந்தது. மேல்நீரில் கிருமி மிகுதி. நிலத்தின் அடியிலுள்ள நீரில் குறைவு. ஆகவே 1970-ஆம் ஆண்டுகளிலிருந்து வங்க தேசத்தில் கைக்குழாய்க் கிணறுகள் இலட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் அது. கிருமியைப் பற்றிய கேள்விக்கு அக்கிணறுகள் நல்ல விடையே தந்தன. ஆனால் அந்நீரில் ஆர்சனிக் உண்டா என்று அக்காலத்தில் சோதிக்கப்படவில்லை.

1983-இல் மேற்கு வங்காளத்தில் தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்பும் கொண்ட நோயாளிகளைப் பரிசோதித்த மருத்துவர்கள், அதற்குக் காரணம் குழாய்க் கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக் என்று கண்டனர். 1993-இல் வங்க தேசத்துக் கிணறுகளிலும் அது கண்டறியப்பட்டது. பின்னர் அந்நாட்டில் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் சுமார் 14 இலட்சம் கிணறுகளில் அந்நாட்டு வரம்பாகிய லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. கேடுள்ள குழாய்க்குச் சிவப்பும், கேடற்ற குழாய்க்குப் பச்சையும் பூசப்பட்டன. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று பச்சையாகவும் அமைந்ததும் உண்டு. அண்டை வீட்டுக் கிணறு நல்லதென்பதால் நம் கிணறும் நல்லதாகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

கிருமியைக் கண்டறிதல்

நீரில் இருக்கக்கூடிய நோய்க் கிருமிகள் பலவகை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது பெருஞ்செலவு. அதனால் அறிஞர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். 1885-இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் குடலில் வாழும் ஒருவகை நுண்ணுயிரை விவரித்தார். அவர் பெயரால் அது இன்று ‘எஷரிக்கியா கோலி’, சுருக்கமாக ‘ஈ. கோலி’ என்று வழங்குகிறது. மனிதர், ஆடு மாடுகள் ஆகியோரின் குடலில் இது ஏராளமாக வாழ்கிறது. இதில் பெரும்பாலானவை தாமாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் நீரில் இது காணப்பட்டால், அந்நீரில் மலம் கலந்துள்ளது என்பது உறுதி. ஈர மண்ணில் காலடித் தடம் கண்டால் ஆள் வந்து போனதை அறிகிறோம் அல்லவா? அதுபோன்றதே இது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஒரு ஈ. கோலிகூடக் காணப்படலாகாது.

பரிசோதனைக் கூடத்தில், பால் சர்க்கரை சேர்ந்த ஊட்டக் கரைசலில் நீரை விட்டு, உடல் வெப்ப அளவில் ஒன்றிரண்டு நாள் வைத்து, வாயு உண்டாகிறதா என்று பார்ப்பர். பிறகு மேற்சோதனைகளால் ஈ. கோலியைப் பிரித்தறிவர்.

பரிசோதனைக் கூடம் தொலைவில் உள்ள ஊர்களுக்கு எளியதொரு வழி நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் ஆகிய மூவர் 1982-இல் இதை வெளியிட்டனர். சிறு குப்பியினுள், இரும்புச் சத்தும் கந்தகச் சத்தும் ஊட்டப் பொருளும் ஊறிய காகிதத் துண்டு இருக்கும். கோடு போட்ட அளவு வரை, பெரும்பாலும் 20 மில்லிலிட்டர், நீரை அதில் ஊற்றி மூடி, வெயில் படாத கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலத்தோடு வரும் கிருமிகளில் பல, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்குபவை. அவ்வாயு இரும்போடு சேர்ந்து கரிய நிறம் தரும். ஒன்று அல்லது இரண்டு நாளில் குப்பி கறுத்தால் நீரில் மாசு கலந்துள்ளது என்று கொள்ள வேண்டும். கறுக்காவிடில் மாசுக்கு அறிகுறி இல்லை என்பதே பொருள்.

இதில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, குப்பியின் உட்புறத்தையோ மூடியின் உட்புறத்தையோ விரலால் தொடலாகாது. தொட்டால் நம் விரலின் கிருமியைத்தான் சோதித்தவராவோம். இரண்டாவது, இயற்கையிலேயே அழுகிய முட்டை நாற்றமுள்ள நீர் ஊற்றியவுடனே கறுத்துவிடும்; அதைக் கிருமி என்று கொள்ளலாகாது. மூன்றாவது, கறுத்த குப்பியில் கோடிக்கணக்கான கிருமிகள் பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலை அதில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்த பின்னரே, குழந்தைகள் கைபடாத இடத்தில் புதைக்க வேண்டும்.

நஞ்சைக் கண்டறிதல்

நஞ்சுக்கு ஈ. கோலியைப் போன்ற ஒரே அடையாளம் கிடையாது. எந்த நஞ்சைத் தேடுகிறோமோ அதற்குரிய இரசாயனச் சோதனையே வேண்டும். ஆகவே நம் வட்டாரத்தில் எது வரக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பாறையிலிருந்து புளோரைடு கரைந்து வருகிறது. அளவு மீறினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் சென்றால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் இல்லாதவிடத்தும் 1.5 மில்லிகிராமைக் கடக்கலாகாது.

உழவர்கள் கவனிக்க வேண்டியது நைட்ரேட். அளவு மீறி இட்ட யூரியாவிலிருந்தும், கிணற்றை ஒட்டிய எருக்குழியிலிருந்தும், கழிவறைக் குழியிலிருந்தும் இது நிலத்தடியில் இறங்குகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாயும். தாய்மார் பால்மாவைக் கரைக்க நீரை நெடுநேரம் காய்ச்சினால் நைட்ரேட் செறிவு கூடும் என்பதை மறக்கலாகாது.

நெசவாளர் கவனிக்க வேண்டியது சாயக் கழிவு. இதைப் பற்றி நமக்குள் ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்ள வேண்டும். பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டும் உப்பு, நூலோடு போவதில்லை. கழிவு நீரோடு வெளியேறுகிறது. நொய்யல் ஆற்றின் கதையை நம் அங்கத்தினர் பலரும் அறிவர். பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. கீழ்நிலத்து உழவர்களின் கிணறுகள் உப்பேறின. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவு நீரை வெளியே விடாத முறையை ஏற்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. 2011 ஜனவரியில் பட்டறைகள் மூடப்பட்டன. உழவருக்கும் இழப்பு, வேலையற்றுப் போன தொழிலாளருக்கும் இழப்பு. ஊர்ச் சாய்கடையின் நீரைத் தொடக்கத்திலேயே ஆண்டுதோறும் சோதித்து, முடிவை இரு தரப்பாரும் ஒன்றாக அமர்ந்து பார்த்திருந்தால் இத்துணைத் துன்பம் நேர்ந்திராது என்பது நம் துணிபு.

சாயக் கழிவு போன்றவற்றில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடினாலும் ஏதேனும் விடுபட்டுப் போகும். அதனால் ‘இந்நீரில் உயிர் வாழுமா?’ என்று உயிரைக் கொண்டே சோதிக்கும் முறையும் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், சுத்திகரித்த கழிவு நீரில் மீன்களை விட்டு, 96 மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்கு 90 மீன்களாவது பிழைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உள்ளது.

வெங்காயச் சோதனை

மீனுக்குப் பதிலாக நம் வீட்டு வெங்காயத்தைக் கொண்டே செய்யும் சோதனை ஒன்றுண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் லெவான், 1938-இல் வெங்காய வேரைக் கொண்டு இரசாயனப் பொருளின் விளைவை ஆராய்ந்து வழிகாட்டினார். வேர் நுனி விரைந்து வளர்வது; நஞ்சு பட்டால் வளர்ச்சி தடைப்படும். இதுவே அச்சோதனையின் அடிப்படை.

ஒரே அளவுள்ள பத்து வெங்காயங்களை எடுத்துக்கொள்க. முளை விட்டவையும் அழுகியவையும் வேண்டா. அடியிலுள்ள காய்ந்த வேர்களைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும்; வேர் முளைக்கும் வளையம் புண்படலாகாது. ஐந்து டம்ளர்களில் சோதிக்க வேண்டிய நீரையும், வேறு ஐந்தில் பரிசோதனைக் கூடத்தில் நல்லதென்று தெரிந்த நீரையும் நிரப்புக. குளோரின் இட்ட குழாய் நீரானால் ஓரிரவு திறந்து வைத்த பின் பயன்படுத்துக. வெங்காயத்தின் அடி மட்டும் நீரைத் தொடுமாறு டம்ளரின் வாயில் அமர்த்தி, நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, நாள்தோறும் அதே நீரைப் புதிதாக மாற்றி வர வேண்டும். மூன்று நாள் கழிந்ததும் வேர்களின் நீளத்தை அளந்து, இரு தொகுதிக்கும் சராசரி காண்க.

நல்ல நீரில் வேர் 4 சென்டிமீட்டரும் சோதனை நீரில் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், அல்லது வேர் நுனி தடித்தும் வளைந்தும் பழுத்தும் காணப்பட்டால், அந்நீரை ஐயுற வேண்டும். உடனே இரசாயனச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வேர் செழித்து வளர்ந்தது என்பதற்காக நீரைக் குடித்துவிடலாகாது. பல்லைக் கெடுக்கும் அளவு புளோரைடோ, நெடுநாளில் கேடு செய்யும் சிறு அளவு ஆர்சனிக்கோ, மூன்று நாளில் வெங்காய வேருக்குத் தெரிவதில்லை. வெங்காயம் எச்சரிக்கை செய்யும் காவலாளியே அன்றி, தீர்ப்புச் சொல்லும் நீதிபதி அன்று.

மாதிரி எடுக்கும் முறை

சோதனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், மாதிரி தவறானால் முடிவும் தவறாகும்.

கிருமிச் சோதனைக்குப் பரிசோதனைக் கூடத்தார் தரும் கிருமி நீக்கிய குப்பியையே பயன்படுத்த வேண்டும், அதைக் கழுவலாகாது. குழாயின் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். கிணற்றில் எடுப்பதானால் குப்பி சுவரில் உரசாமல் இறக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடுமானவரை ஆறு மணி நேரத்துக்குள்ளும், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள்ளும் சேர்ப்பித்தல் வேண்டும்.

இரசாயனச் சோதனைக்கு முறை வேறு. சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாத்திரத்தை அதே நீரால் மும்முறை அலசி, பிறகு நிரப்பி மூட வேண்டும். இரண்டிலும் ஊர், கிணற்றின் அடையாளம், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டுதல் கட்டாயம்.

ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது நலம். முதல் மழை பெய்ததும் மேல் மண்ணின் அழுக்கு கிணற்றுக்குள் இறங்கும். கிருமியை அப்போது தேட வேண்டும். கோடையில் நீர் வற்றும்போது கரைந்த உப்புகள் செறிந்து நிற்கும். நஞ்சை அப்போது தேட வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டங்களில் உள்ளன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், ஊர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுச் சிறு சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதிக்கும் ஏற்பாடும் உண்டு.

விடை கிடைத்த பின்

கிருமி உண்டு என்று தெரிந்தால், நீரைக் கொப்புளித்துக் கொதிக்கும்படி ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். கிணற்றில் 1000 லிட்டர் நீருக்கு, வீரியம் குன்றாத பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது பொது அளவு. 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 28,000 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 70 கிராம் வேண்டும். வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் இரவில் கிணற்றில் கலக்கி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். மிகவும் கலங்கிய நீருக்கு இவ்வளவு போதாது; சுகாதார ஆய்வாளரைக் கலந்துகொள்க. அதோடு மலம் எவ்வழியே வந்தது என்று கண்டு, கைப்பிடிச் சுவரையும் தளத்தையும் செப்பனிட வேண்டும். இல்லையேல் அடுத்த மழையில் பழைய கதையே.

நஞ்சு உண்டு என்று தெரிந்தால், கொதிக்க வைப்பதிலும் பிளீச்சிங் பவுடரிலும் பயனில்லை. குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைத் தேடுவதே முதல் வழி. சேமித்த மழைநீரும் நன்று. புளோரைடைப் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு குறைக்கும் நல்கொண்டா முறை உண்டு. ஆயினும் அதை அறிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

ஒரு குடும்பம் தனித்துச் சோதிப்பதைவிட, சங்கம் முன்னின்று தெருவுக்கு ஒரு கிணறாகச் சோதிப்பது செலவிலும் குறைவு, பயனிலும் மிகுதி. சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்து, ஒவ்வொரு பொதுக் கிணற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கிருமி முடிவை ஒரு பத்தியிலும் நஞ்சு முடிவை மறு பத்தியிலும் எழுதி வரலாம். ஒரு பத்தி வெறுமையாக இருந்தால், அக்கிணறு இன்னும் சோதிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். முடிவு நல்லதோ அல்லதோ, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. குறையை மறைத்தால் கிணற்றுக்கு நற்பெயர் நிற்கலாம். குடிப்பவருக்கு நலம் நிற்காது.

தறிக்காரர் தெருவின் சாய்கடை உழவரின் கிணற்றை நோக்கி ஓடுகிறது. உழவரின் எருக்குழி தறிக்காரரின் கிணற்றுக்கு மேல்புறம் இருக்கிறது. இரு தொழிலாரும் அமர்ந்து பேச நம் சங்கத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை. வரும் மாதக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்ததும், நம் ஊர்க் கிணறுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, அவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போமாக.